பொதுஜன சாட்சி

5 மார்ச் 1978

காலையில் அரியலூரில் பரேடு. பஸ்ஸைத் தவற விட்டு, ராசாங்கத்தின் சைக்கிளில் ஆளுக்குக் கொஞ்ச தூரம் மிதித்துப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் ஊரிலிருந்து ஊர்க்காவல் படையில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். ஊரில் எங்களுக்கு 'ஞாயித்துக்கெழம போலீசு' என்று பெயர். திருவிழா, வெள்ளம், தேர்தல் என்றால் கூப்பிடுவார்கள். போய்க் கயிறு பிடிக்க வேண்டும். மற்ற நாளில் நான் சிங்காரவேலு முதலாளியின் விறகுத் தொட்டியில் விறகு நிறுத்துப் போடுகிறவன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் நாய்கூட ஒதுங்கிப் போகிறது.

இந்த டைரியே படையின் கமாண்டர் சிவசுப்பிரமணியன் சார் கொடுத்ததுதான். ரைஸ்மில் முதலாளி. பொங்கலுக்கு எல்லோருக்கும் காலண்டர், எனக்கு மட்டும் டைரி. போன தீபாவளியை ஒட்டி வந்த வெள்ளத்தில், திருமானூர் ரோட்டுக் குடிசைகளிலிருந்து ஆட்களைத் தூக்கி வந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்ததற்காக. "அரியமுத்து மாதிரி நாலு பேரு இருந்தா எனக்குப் போதும்ப்பா" என்று இன்றைக்கும் எல்லோர் முன்னாலும் சொன்னார். ராசாங்கத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

இந்த வருஷம் போலீஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்கிறார்கள். எனக்கு வயது இத்தோடு முடிகிறது. இதை விட்டால் இல்லை. எங்கள் தெருவில் எல்லோரும் பிறத்தியார் வயலில் குனிந்தவர்கள். அப்பா குனிந்தபடியே போய்ச் சேர்ந்தார். அந்தத் தெருவிலிருந்து ஒருவன் நிமிர்ந்து நிற்க வேண்டும். சல்யூட் வாங்கக்கூட வேண்டாம், அடித்தால் போதும்.

11 மார்ச்

சாயங்காலம் ஏட்டு நடராசன் கூப்பிட்டு அனுப்பினார். நானும் ராசாங்கமும் ஸ்டேஷனுக்குப் போனோம். வழக்கமான வேலைதான்.

சாராயம் பிடித்தால் பிடித்த இடத்திலேயே மகசர் என்று ஒரு தாள் எழுத வேண்டும். போலீஸ் அல்லாத இரண்டு பேர், 'நாங்கள் கூட இருந்து பார்த்தோம்' என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். எவன் வருவான்? கோர்ட்டு வாசலுக்கு யார் அலைவது? அதனால் ஒரு வருஷமாக ஒரு கையெழுத்து டீக்கடைச் செல்லப்பனுடையது, இன்னொன்று என்னுடையது. நான் எதையும் பார்த்ததில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே போடுவதுதான். பிடிபட்டவன் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவான். இதுவரை ஒரு கேசுக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லை.

இன்றைக்கு ஏட்டையா பேனாவை ராசாங்கத்திடம் நீட்டினார். அவன் விரலைத் தூக்கிக் காட்டினான். நகச்சுத்து. துணி சுற்றியிருந்தது. "என் எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும் ஏட்டையா. அரியமுத்துதான் முத்து முத்தாப் போடுவான்." கள்ளப்பயல், சோம்பேறி. நானே போட்டேன்.

என் பெயருக்குக் கீழே 'விறகுத் தொட்டி வேலை' என்று எழுதியிருந்தது. "ஊர்க்காவல் படைன்னு போடலாமே ஏட்டையா" என்றேன். "அதெல்லாம் வேணாம்யா. பொதுஜனம்னு இருக்கணும்" என்றார். கொஞ்சம் சுருக்கென்றது. பரவாயில்லை. என்னை அவர் 'நம்ம ஆளு' என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறார்.

24 மார்ச்

செட்டிகுளம். பங்குனி உத்திரம். விடியும் முன்னே மலைப்படியில் நிறுத்திவிட்டார்கள். காவடிக் கூட்டம் ஏறுகிறது, இறங்குகிறது, நடுவில் நான் கயிறு. யார் யாரோ காலை மிதித்துவிட்டு 'முருகா' என்றார்கள்.

பெரம்பலூரிலிருந்து வந்த ஒரு இன்ஸ்பெக்டர், "நீ எந்த ஸ்டேஷன்?" என்று என்னைக் கேட்டார். ஹோம்கார்டு சார் என்றேன். "அப்படித் தெரியலையே" என்றார். இதைக் கேட்க எத்தனை பேர் வேண்டுமானாலும் மிதிக்கலாம்.

27 மார்ச்

ஸ்டேஷனில் சில தாள்கள். போட்டேன். பாதத்தில் கொப்புளம், அதனால் உட்கார இடம் கிடைத்ததே போதும் என்றிருந்தது. ஏட்டையா டீயோடு பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

வேப்பமரத்தடியில் ஒரு மாட்டு வண்டி நின்றது. கருப்பண்ணனுடையதாம். திருமானூர் ரோட்டுக் குடிசைக்காரர்; எங்கள் தொட்டிக்கு விறகு ஏற்றி வருகிறவர். வைக்கோலுக்கு அடியில் லாரி டியூபில் சாராயம் கடத்தினாராம். வெள்ளத்தில் நான் தூக்கி வந்த குடும்பங்களில் அதுவும் ஒன்று. எவ்வளவு மரியாதையான ஆள் என்று நினைத்திருந்தேன். யாரைத்தான் நம்புவது?

9 ஜூன்

பேப்பரில் வந்துவிட்டது! திருச்சியில் ஆள் எடுப்பு. கமாண்டர் சார் கையாலேயே சிபாரிசு எழுதிக் கொடுத்தார், எனக்கும் ராசாங்கத்துக்கும். அம்மா அதைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, வெளியே போய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

18 ஜூலை

திருச்சி ஆயுதப்படை மைதானம். வெயில் மண்டையைப் பிளந்தது. உயரம் சரி, மார்பு சரி, ஓட்டத்தில் முன்னால் வந்தேன். கயிறு ஏறும்போது உள்ளங்கை உரிந்துவிட்டது. மேலே போய்த் தட்டிவிட்டுக் கீழே பார்த்தால் ராசாங்கம் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தான். "ஏறுடா, ஏறுடா, அம்மா மேல ஆணை ஏறுடா!" என்று கத்தினேன். ஏறிவிட்டான். இரண்டு பேரும் தேறிவிட்டோம். இனி ஸ்டேஷனிலிருந்து எங்கள் நடத்தையை விசாரித்து எழுதி அனுப்ப வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதற்கென்ன, நம்ம ஸ்டேஷன்!

வரும்போது பஸ்ஸில் என் தோளிலேயே தூங்கிவிட்டான் ராசாங்கம்.

20 ஆகஸ்ட்

இதை எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் பொன்னாயி வந்தாள், கருப்பண்ணன் மனைவி. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் எழுந்து நின்றேன். அவள் வாசலிலேயே நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள். "தம்பி, வெள்ளத்துல எங்களத் தூக்கியாந்தது நீங்க. உங்க வாயில பொய் வராதுன்னு எனக்குத் தெரியும். வக்கீலு குமாஸ்தா படிச்சுக் காட்டினாரு, மார்ச் இருபத்துநாலுன்னு தேதி போட்டு, சாட்சியில உங்க பேரு இருக்குதாம். எங்க வீட்டு மனுசன் சத்தியம் பண்ணுது, அந்தக் கருமத்தத் தொடவே இல்லன்னு. நீங்க பாத்தீங்களா தம்பி? அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து! பஜ்ஜி தின்றுகொண்டு போட்டது.

அவள் அப்பன் சாராயத்திலேயே செத்தவனாம். அந்த நாற்றம் இருக்கிற வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லித்தான் கருப்பண்ணனுக்குக் கழுத்தை நீட்டினாளாம். "அதான் கேக்குறேன். நான் யார்கிட்டயும் போயிச் சொல்ல மாட்டேன்."

இந்த வாரம்தான் என் நடத்தை விசாரணைத் தாள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறது. பார்க்கவில்லை என்று இவளிடம் சொன்னால் நேரே வக்கீலிடம் போகும், வக்கீலிடமிருந்து ஸ்டேஷனுக்குப் போகும். இதெல்லாம் யோசித்தா சொன்னேன்? இல்லை. வாய் தானாக, "ஆமா, பாத்தேன்" என்றது.

"அப்ப சரி தம்பி. நீங்க சொன்னாச் சரி" என்றாள். அழவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அம்மா அடுப்படியிலிருந்து, "நெசமாவே பாத்தியாடா?" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

21 ஆகஸ்ட்

ஏட்டையாவைத் தனியாகப் பிடித்தேன். "ஏட்டையா, அந்தத் தாள்ல மார்ச் இருபத்துநாலுன்னு தேதி இருக்காமே. அன்னிக்கு நான் செட்டிகுளத்துல டூட்டி."

"இருந்தா?"

"இங்க எப்படிப் பாத்திருப்பேன்?"

சிரித்தார். "நீ செட்டிகுளத்துல இருந்தது உனக்கும் முருகனுக்கும்தானேய்யா தெரியும். முருகன் சாட்சி சொல்ல வரப்போறதில்ல."

கருப்பண்ணன் நிஜமாகவே கடத்தினாரா என்று கேட்டேன். அவர் காதைக் குடைந்துகொண்டே சொன்னார்: எஸ்.ஐ. ஐயா வீட்டுக்கு மணல் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கருப்பண்ணன் வண்டிக்கூலி கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். "கூலி கேட்டான்ல, இப்ப வண்டியே இல்ல." பிறகு என் தோளைத் தட்டி, "நாளைக்கு நீயும் ஏட்டாவப்போற ஆளு. இதெல்லாம் பழகிக்கணும்" என்றார்.

பழகிக்கொள்ள வேண்டுமாம்.

3 செப்டம்பர்

பொன்னாயி புருஷனை விட்டுவிட்டு உடையார்பாளையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். தொட்டியில் பேசிக்கொண்டார்கள். நான் கருவேலங்கட்டையைப் பிளந்துகொண்டிருந்தேன். நிறுத்தாமல் பிளந்தேன்.

10 அக்டோபர்

ஆயுத பூஜை. காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய் மாவிலை கட்டினேன், துப்பாக்கிகளைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். வேறு யாரையும் அவற்றின் கிட்டே விடமாட்டார்கள். பொரி, கடலை கட்டிக் கொடுத்தார்கள். எஸ்.ஐ. ஐயா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நல்ல சகுனம் என்று நினைக்கிறேன். நினைத்துக்கொள்கிறேன்.

16 அக்டோபர்

ராசாங்கத்துக்கு ஆர்டர் வந்துவிட்டது. அவன் தெருவில் வெடி போட்டார்கள். எனக்கு நாளைக்கு வரும் என்று போஸ்ட்மேன் சொல்கிறார்.

17 அக்டோபர்

வரவில்லை.

18 அக்டோபர்

வரவில்லை. போஸ்ட்மேன் என்னைப் பார்த்ததும் வேறு சந்தில் திரும்பிவிட்டார்.

20 அக்டோபர்

இன்றைக்கு ஸ்டேஷனில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பிறகு நானே நம்ப மாட்டேன்.

"எனக்கு மட்டும் ஏன் வரல ஏட்டையா?" என்று கேட்டேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரி சொன்னார்.

"உன் விசாரணைய ஐயா எழுதாம வெச்சுட்டாருப்பா. தேதி போயிருச்சு."

"ஏன்?"

"நீ காக்கி போட்டுட்டா அப்புறம் நீ பொதுஜனம் இல்லியே. நீ கையெழுத்துப் போட்ட கேசு இன்னும் கோர்ட்டுல நிக்குது. சாட்சியே போலீஸ்காரன்தான்னு வக்கீலு கிழிச்சிருவான். அதுவும் போக" என்று நிறுத்திவிட்டு, நிஜமாகவே பாசமாகச் சிரித்தார். "நீயும் போலீசாயிட்டா எங்களுக்கு யாருப்பா கையெழுத்துப் போடுறது? செல்லப்பனுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது."

அடுத்த தடவை வயது தாண்டிவிடும் என்றேன். "அட, பாத்துக்கலாம் விடு, டீ சொல்லட்டுமா?" என்றார்.

நான் போலீஸ் ஆவதற்காகத்தான் அவர்களுக்குக் கையெழுத்துப் போட்டேன். போலீஸ் இல்லை என்பதற்காகத்தான் என்னை வைத்திருந்திருக்கிறார்கள். பாதிப் போலீஸ் ஆகிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே, கிறுக்கன், கிறுக்கன்! துப்பாக்கிக்குச் சந்தனம் வேறு வைத்தேன்!

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைக்கூட மரியாதையாகத்தான் சொன்னேன்.

22 அக்டோபர்

பரேடுக்குப் போகவில்லை. ராசாங்கம் வந்தான், பயிற்சிக்குப் போகுமுன் சொல்லிக்கொள்ள. புதுப் பெட்டி, புது முடிவெட்டு. நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

தரையைப் பார்த்தான். அவன் தாய்மாமன் கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற டவாலி. படையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டாராம், ஸ்டேஷனில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே, போட்டவனை அவர்கள் விடமாட்டார்கள் என்று. அதனால்தான் நகச்சுத்து. அதனால்தான் கோழி கிளறிய எழுத்து. ஒரு வருஷமாக ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சாக்கு. நான் சோம்பேறி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"ரெண்டு பேரும் போடலன்னா ரெண்டு பேரையும் வெரட்டியிருப்பாங்கடா. ஒருத்தனாவது போட்டாத்தானே…"

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எஸ்.ஐ. என் விசாரணையைத் தள்ளி வைத்தபோது அவன் அந்த அறையிலேயே நின்றிருந்தானாம், தன்னுடையதை வாங்கிக்கொண்டு போக. அதையும் அவனே சொன்னான். சொல்லிவிட்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. கயிற்றில் தொங்கினானே, அப்போதே விழுந்திருந்தால் என்ன என்று தோன்றியது. அம்மா மேல் ஆணை என்று கத்தினேனே அவனுக்காக!

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது, "லெட்டர் போடுறேன்டா" என்றான். போட வேண்டாம்.

29 அக்டோபர்

நாளைக்குத் தீபாவளி. கமாண்டர் சாரைப் போய்ப் பார்த்தேன். மில்லில் தவிட்டுத் தூசிக்கு நடுவே நின்றுகொண்டே நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அந்த கேசுல ஒழுங்கா சொல்லிட்டு வா அரியமுத்து. அப்புறம் நானே திருச்சிக்குப் பேசுறேன். ஸ்டேஷன பகைச்சுக்கிட்டு எனக்கும் முடியாது, உனக்கும் முடியாது." மில்லுக்கு லாரி வர வேண்டும், போக வேண்டும். புரிகிறது.

பெரம்பலூர் இன்ஸ்பெக்டர் 'அப்படித் தெரியலையே' என்றாரே. அவருக்கு மட்டும்தான் நான் போலீஸ் போலத் தெரிந்திருக்கிறேன்.

14 நவம்பர்

கோர்ட்டு.

டீக்கடைச் செல்லப்பன் எனக்கு முன்னால் கூண்டில் ஏறி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, டியூபைப் பார்த்தேன், வண்டியைப் பார்த்தேன் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு இறங்கினார். ஏட்டையா எனக்கும் காலையில் சொல்லிக் கொடுத்திருந்தார். அதே வரிகள்.

கருப்பண்ணன் கைகட்டி நின்றார். என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. வெள்ளத்தில் பார்த்தாரே, தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்தபோது, அதே பார்வை.

நான் நல்லவன் என்று இங்கே எழுதிக்கொள்ளப் போவதில்லை. ஆர்டர் வந்திருந்தால் செல்லப்பனை விட அழகாக ஒப்பித்திருப்பேன். எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். பார்த்தாயா என்று சர்க்கார் வக்கீல் கேட்டபோது அந்த எரிச்சல்தான் வாயைத் திறந்தது. "பாக்கலைங்க. அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல. செட்டிகுளத்துல பங்குனி உத்திர டூட்டி. நான் ஊர்க்காவல் படைங்க."

மாஜிஸ்ட்ரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இதுல இருக்கிறது உன் கையெழுத்து இல்லையா?"

"என்னுதுதாங்க."

"ஏன் போட்டே?"

"போடச் சொன்னாங்க. போட்டேங்க."

"படிச்சியா?"

"இல்லைங்க."

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்னு சொன்னியே."

சிரித்தார்கள். வக்கீல்கள், குமாஸ்தாக்கள், பின்னால் நின்ற போலீஸ்காரர்கள்கூட. பொய்ச் சாட்சி என்று உன் மேலேயே கேஸ் போடலாம் தெரியுமா என்று மாஜிஸ்ட்ரேட் எச்சரித்து இறக்கிவிட்டார். தாழ்வாரத்தில் ஏட்டையா பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "உன்ன என் புள்ள மாதிரி நெனச்சேன்யா" என்றார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அவரை நான் ஏமாற்றிவிட்டேனாம்!

30 நவம்பர்

கருப்பண்ணன் விடுதலை. வண்டியை ஓட்டிக்கொண்டு போனார் என்று சொன்னார்கள். மழையில் நின்று ஒரு சக்கரம் உளுத்துவிட்டதாம்.

9 டிசம்பர்

படையிலிருந்து நீக்கம். சட்டை, பெல்ட், தொப்பி, விசில் எல்லாவற்றையும் ரைஸ்மில்லில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்துக் கொடுத்தாள். எதற்கு இதெல்லாம் என்றேன். "கசங்கிக் கெடந்தா நம்மளத்தானே பேசுவாங்க" என்றாள்.

கமாண்டர் சார் உள்ளே இருந்தார். குரல் கேட்டது. வெளியே வரவில்லை. கணக்குப்பிள்ளைதான் வாங்கிக்கொண்டார்.

15 ஜனவரி 1979

ராசாங்கம் லீவில் வந்திருக்கிறான். அவன் பார்க்க வரவில்லை. நானும் போகவில்லை. தெருவில் பொங்கல் விளையாட்டுக்குப் பரிசு கொடுக்க அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள், யூனிபாரமோடு. மைக்கில் பேசினான். ஒழுக்கம் முக்கியம் என்றான். வீட்டில் இருந்தபடியே எல்லாம் கேட்டது.

26 பிப்ரவரி

இத்தனை மாதத்துக்குப் பிறகு கருப்பண்ணன் தொட்டிக்கு விறகு ஏற்றி வந்தார். நான் இறக்கப் போனேன். "வேணாம், நானே எறக்கிக்கிறேன்" என்றார்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, இவன்தானே அன்னிக்குக் கோர்ட்டுல உண்மையச் சொல்லி உன்ன வெளியில எடுத்தான்?"

"உள்ள வெச்சதும் இவருதானுங்களே மொதலாளி."

எரிச்சலாக வந்தது எனக்கு. என் வாழ்க்கையே இவருக்காகப் போயிற்று என்று கத்த வேண்டும் போல இருந்தது. இவருக்காகவா போயிற்று? இல்லையே. அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. தராசுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

விறகெல்லாம் இறங்கிய பிறகு அவரே பக்கத்தில் வந்து நின்றார். துண்டை உதறினார். மறுபடி தோளில் போட்டார். "அவ இன்னும் வரல. நாலு தடவ போயிக் கூப்பிட்டுட்டேன். கேசு ஒடஞ்சுதுன்னா நீ செய்யலன்னு ஆயிருமான்னு கேக்குறா. அந்தத் தம்பி மூஞ்சிக்கு நேரா பாத்தேன்னு சொல்லுச்சு, அது பொய் சொல்லாதுங்கிறா." பிறகு, என்னைப் பார்க்காமல், "நீங்க ஒரு தடவ வந்து சொல்லணும்" என்றார்.

என் வார்த்தையை இன்னும் நம்புகிற ஒரே ஆள் பொன்னாயிதான். அதுவும் அந்த ஒரு வார்த்தையை.

வருகிறேன் என்றேன்.

11 மார்ச்

கருப்பண்ணன் வண்டியிலேயே உடையார்பாளையம் போனேன். முந்திரித் தோப்புக்கு அருகில் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, "நான் வந்தா பேச மாட்டா. நீங்க போங்க" என்றார்.

பொன்னாயி நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கைகளில் சாம்பல் பூசியிருந்தாள், அப்படியும் விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "வாங்க தம்பி. அம்மா நல்லாருக்காங்களா?" என்றாள். அந்த மரியாதை குறையவே இல்லை.

பஸ்ஸில் ஒப்பித்துக்கொண்டு வருகிற பேச்சுப்போட்டிப் பையன் மாதிரி மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. எப்படியோ சொல்லி முடித்தேன். நான் எதையும் பார்க்கவில்லை, அன்றைக்கு நான் இந்தப் பக்கமே இல்லை, உங்களிடம் சொன்னது பொய், போலீஸ் வேலை கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தில் சொன்னேன், உங்கள் வீட்டுக்காரர் மணல் அடிக்கக் கூலி கேட்டார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், கறை படாத புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப சாந்தமாகக் கேட்டாள்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல சொல்லச் சொன்னாங்க, சொன்னீங்க. சரி. இப்ப இத யாரு தம்பி சொல்லச் சொன்னது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பினேன். கருப்பண்ணன் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வண்டியை விட்டு இறங்காமல், எங்களையே பார்த்தபடி காத்திருந்தார்.